நடுவானில் இன்ஜின் நின்றுபோனால் பயிற்சி விமானம் என்னாகும்? புதுக்கோட்டை, திருப்போரூர் சம்பவங்கள் சொல்வது என்ன?

2025 நவம்பரில், அடுத்தடுத்து இரண்டே நாட்களில் தமிழ்நாட்டில் இரண்டு பயிற்சி விமானங்கள் செய்தியில் அடிபட்டன.

நவம்பர் 13: சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா ரக தனியார் பயிற்சி விமானம் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையிலேயே அவசரமாகத் தரையிறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள்.

நவம்பர் 14: பிற்பகல் 2.25 மணியளவில், இந்திய விமானப்படையின் பிசி-7 மார்க் 2 பயிற்சி விமானம் தாம்பரம் அருகே விபத்துக்குள்ளானது. செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் பகுதியில் விமானம் விழுந்து நொறுங்கியது. விமானி பாராசூட் மூலம் வெளியேறி உயிர் பிழைத்தார். தரையில் யாருக்கும் பாதிப்பில்லை. காரணத்தைக் கண்டறிய விசாரணைக்கு விமானப்படை உத்தரவிட்டது.

ஒரு விமானம் ரோட்டில் இறங்கியது. இன்னொன்றை விட்டுவிட்டு விமானி வெளியே குதித்தார். ஏன் இந்த வித்தியாசம்? பறந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றால் உண்மையில் என்ன நடக்கும்? தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் தினமும் தலைக்கு மேல் பார்க்கும் விமானங்கள் பற்றிய கேள்வி என்பதால், கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுமா?

விழாது. பலருக்கும் இருக்கும் பெரிய தவறான எண்ணம் இதுதான்.

விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இன்ஜின் இல்லை, இறக்கை. இறக்கை மேல் காற்று போதுமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வரை விமானம் பறக்கும். அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் இன்ஜினின் வேலை. இன்ஜின் நின்றுவிட்டால், விமானி மூக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி, உயரத்தைச் செலவழித்து வேகத்தைத் தக்கவைத்துக்கொள்வார். இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டால் ஓடுகிற மாதிரிதான். இதைத்தான் 'கிளைடு' என்கிறார்கள்.

உலகம் முழுக்க பயிற்சிப் பள்ளிகளில் பயன்படும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். காற்று இல்லாத நேரத்தில், இன்ஜின் இல்லாமல் 1 அடி கீழே இறங்குவதற்குள் அது சுமார் 9 அடி முன்னே போகும். அதற்கு மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்:

- 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால்: சுமார் 8 கிலோமீட்டர் தூரம், 4 நிமிடம்.
- 1,000 அடியில் நின்றால்: சுமார் 2.7 கிலோமீட்டர், ஒன்றேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம்.
- 500 அடியில் நின்றால்: சுமார் 40 விநாடி. அவ்வளவுதான்.

8 கிலோமீட்டர் என்றால் தாம்பரத்திலிருந்து வண்டலூரைத் தாண்டிவிடலாம். ஆனால் 500 அடி என்றால், கண்முன்னே என்ன இருக்கிறதோ அதுதான். ஆக, இன்ஜின் நின்ற விமானத்தில் விமானியிடம் மிச்சமிருக்கும் ஒரே சொத்து உயரம். அந்த உயரத்தை வைத்து அவர் நேரத்தையும் தூரத்தையும் வாங்குகிறார்.

பெரிய விமானங்களுக்கும் இதே விதிதான். 2009 ஜனவரி 15-ம் தேதி நியூயார்க்கில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜின்களும் செயலிழந்த ஏர்பஸ் ஏ320 விமானம் ஹட்சன் ஆற்றில் இறக்கப்பட்டதும், அதில் இருந்த 155 பேரும் பிழைத்ததும் ஞாபகம் இருக்கலாம். அதுவும் கிளைடுதான்.

இன்ஜின் ஏன் நிற்கிறது?

செஸ்னா மாதிரியான சிறிய விமானங்களில் இருப்பது கார் இன்ஜின் போன்ற பிஸ்டன் இன்ஜின். அதில் பொதுவாக வரும் சிக்கல்கள் இவை.

எரிபொருள்: தொட்டியில் பெட்ரோல் தீர்ந்துபோவது, தவறான தொட்டிக்கு வால்வைத் திருப்பி வைப்பது, எரிபொருளில் தண்ணீர் கலப்பது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் முதல் முறை பறப்பதற்கு முன், இறக்கையின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம்ம ஊர் மழைக்காலத்தில் இது சடங்கு இல்லை, உயிர்காக்கும் வேலை.

கார்புரேட்டரில் பனிக்கட்டி: சென்னை வெயிலில் பனிக்கட்டியா என்று கேட்கலாம். கார்புரேட்டருக்குள் எரிபொருள் ஆவியாகும்போதும், காற்று குறுகலான வழியில் விரையும்போதும் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல்கூட குறையலாம். ஈரப்பதம் அதிகமுள்ள காற்று என்றால், வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே பனி படிந்து காற்றுப் பாதையை அடைத்துவிடும். இதற்காகவே சூடான காற்றை உள்ளே விடும் ஒரு குமிழ் விமானத்தில் இருக்கும். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் உள்ள புதிய மாடல்களில் இந்தப் பிரச்னை கிடையாது.

இயந்திரக் கோளாறு: ஆயில் கசிவு, வால்வு உடைவது, சிலிண்டர் விரிசல். தீப்பொறி தரும் மேக்னெட்டோ மட்டும் இரண்டு இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும்.

பறவை: திறந்தவெளிக் குப்பைக் கிடங்கும் நீர்நிலையும் உள்ள இடங்களில் பறவைகள் கூடும். பள்ளிக்கரணை சதுப்புநிலமும் பெருங்குடி குப்பைக் கிடங்கும் இருக்கும் தென்சென்னைக்கு இது புதிய விஷயம் இல்லை.

பிசி-7 மார்க் 2 விமானத்தில் இருப்பது வேறு வகை. பிஸ்டன் இல்லாத டர்போபிராப் இன்ஜின். 700 குதிரைத்திறன் கொண்டது. இந்த வகை இன்ஜின்கள் பிஸ்டன் இன்ஜின்களைவிட நம்பகமானவை என்று பெயர் வாங்கியவை. ஆனாலும் ஒரே ஒரு இன்ஜின்தான். அது நின்றால் மாற்று கிடையாது.

அந்த சில நிமிடங்களில் விமானி என்ன செய்வார்?

பயிற்சியின் ஆரம்ப நாட்களிலேயே மாணவர்களுக்கு மனப்பாடமாக்கப்படும் வரிசை ஒன்று உண்டு. முதலில் விமானத்தைப் பறக்க வை. அடுத்து எங்கே போவதென்று பார். அப்புறம்தான் பேசு.

முதல் வேலை வேகம். மூக்கை இறக்கி கிளைடு வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பயத்தில் மூக்கை மேலே தூக்கினால் இறக்கை மேல் காற்றோட்டம் அறுந்துவிடும். இதற்குப் பெயர் 'ஸ்டால்'. அப்போதுதான் விமானம் நிஜமாகவே விழும்.

இரண்டாவது வேலை இடம். எங்கே இறங்குவது என்று முடிவெடுத்து அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். முடிவெடுத்த பிறகு மனசை மாற்றிக்கொண்டே இருப்பது ஆபத்து.

மூன்றாவதாக, நேரம் இருந்தால் இன்ஜினை மறுபடி உயிர்ப்பிக்கும் முயற்சி. எரிபொருள் வால்வு, கலவை, கார்புரேட்டர் சூடு, மேக்னெட்டோ சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

பிறகு ரேடியோவில் 'மேடே, மேடே, மேடே' என்று மூன்று முறை அழைப்பு. உலகம் முழுக்க அவசரத்துக்கான அலைவரிசை 121.5 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்ற எண்ணைப் போட்டால், ரேடார் திரையில் அந்த விமானம் அவசர நிலையில் இருப்பது தெரிந்துவிடும்.

இன்ஜின் திரும்ப ஓடாது என்று தெரிந்ததும், தீப்பிடிப்பதைத் தவிர்க்க எரிபொருளை மூடி, மின்சாரத்தை அணைப்பார்கள். தரையைத் தொடுவதற்கு முன் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைப்பார்கள். எதுக்கு தெரியுமா? மோதலில் சட்டம் வளைந்தால் கதவு இறுகிக்கொள்ளும், வெளியே வர முடியாது.

டேக் ஆஃப் ஆனவுடனே நின்றால்?

இதுதான் மிக ஆபத்தான கட்டம். பின்னாலேயே ரன்வே இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஆசிரியர்கள் அடித்துச் சொல்வது: திரும்பாதே, நேராகவே இறக்கு.

காரணம் எளிது. திரும்பும்போது விமானம் ஒரு பக்கம் சாயும். சாய்வு கூடக்கூட, ஸ்டால் ஆகாமல் இருக்கத் தேவையான வேகமும் கூடும். 45 டிகிரி சாய்ந்தால் 19 சதவீதம் கூடுதல் வேகம் தேவை. 60 டிகிரி சாய்ந்தால் 41 சதவீதம். கையில் உயரமும் இல்லை, வேகமும் இல்லை. பாதித் திருப்பத்திலேயே விமானம் விழுந்துவிடும். நேராக, இரு பக்கமும் கொஞ்சம் மட்டும் விலகி, கட்டுப்பாட்டோடு இறங்கினால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

ரோடா, வயலா, ஏரியா?

புதுக்கோட்டையில் ரோட்டில் இறங்கியதைப் பார்த்து, 'ரோடுதான் பெஸ்ட்' என்று நினைக்கலாம். எப்போதும் அப்படி இல்லை.

ரோடு: கெட்டியான, சமமான தரை என்பது நல்ல விஷயம். ஆனால் மின்கம்பி, விளக்குக் கம்பம், நடுத்தடுப்பு, மேம்பாலம், வாகனங்கள் எல்லாம் இருக்கும். செஸ்னா 172-ன் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 11 மீட்டர். நார்த்தாமலைப் பக்கம் திறந்த நெடுஞ்சாலையில் நடந்ததை ஜி.எஸ்.டி சாலையிலோ ஓ.எம்.ஆரிலோ நினைத்துப் பார்க்கவே முடியாது.

வயல்: அறுவடை முடிந்த காய்ந்த வயல் என்றால் நல்ல இடம். வரப்புக்குக் குறுக்கே போகாமல், வரப்பை ஒட்டியே இறக்க வேண்டும். நவம்பரில் தண்ணீர் கட்டிய வயலில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம்.

ஏரி: ஆளில்லாத இடம் என்பதால் தரையில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் சக்கரம் வெளியே நீட்டியிருக்கும் விமானம் தண்ணீரில் பட்டதும் கவிழ வாய்ப்புண்டு. விமானி உள்ளே சிக்கிக்கொள்ளலாம்.

எங்கே இறங்கினாலும் காற்றுக்கு எதிர்த்திசையில் இறங்குவதுதான் விதி. சென்னையில் பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து வீசினால், கிழக்கே பார்த்து இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும். வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். 74 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவதைவிட, 120 கிலோமீட்டர் வேகத்தில் தொட்டால் ஆற்றல் 2.6 மடங்கு. அதனால்தான் விமானத்தைக் காப்பாற்றுவதைப் பற்றிக் கவலைப்படாதே, மெதுவாக, கட்டுப்பாட்டோடு இறக்கு என்கிறார்கள். இறக்கை போகட்டும், ஆள் பிழைத்தால் போதும்.

அப்போ பிசி-7 விமானி ஏன் குதித்தார்?

செஸ்னாவில் குதிக்க வசதியே கிடையாது. இருப்பது ஒரே வழி, இறக்குவது. பிசி-7 மார்க் 2-ல் எஜெக்‌ஷன் சீட் இருக்கிறது. கைப்பிடியை இழுத்தால், ராக்கெட் விசையில் இருக்கையோடு விமானி வெளியே வீசப்படுவார். சில விநாடிகளில் பாராசூட் தானாக விரியும். முதுகெலும்பில் காயம் ஏற்படும் அளவுக்கு விசை இருந்தாலும், உயிர் பிழைக்கும். இந்த விமானத்துக்கு இருக்கை தயாரித்த பிரிட்டனின் மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் இருக்கைகள் இதுவரை உலகம் முழுக்க 7,500-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன.

இன்னொரு விஷயம், பிசி-7 செஸ்னாவைவிட எடை அதிகம், வேகமும் அதிகம். ரன்வே இல்லாத இடத்தில் அதை இறக்குவது செஸ்னாவை இறக்குவது போல இல்லை. ரன்வேக்குத் திரும்ப முடியாது, கட்டுப்பாடும் கையில் இல்லை என்றால், காலம் தாழ்த்தாமல் வெளியேற வேண்டும் என்றுதான் ராணுவ விமானிகளுக்குக் கற்றுத்தருகிறார்கள். தரைக்கு மிக அருகே வந்த பிறகு முடிவெடுத்தால் பாராசூட் விரிய நேரம் இருக்காது.

சீட் இருந்தும் பிழைக்காத சோகமும் நடந்திருக்கிறது. 2023 டிசம்பர் 4-ம் தேதி, ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படை அகாடமியிலிருந்து கிளம்பிய இதே பிசி-7 மார்க் 2 ரக விமானம் தெலங்கானாவின் மேடக் மாவட்டத்தில் விழுந்தது. அதில் இருந்த பயிற்சியாளரும் பயிற்சி விமானியும் உயிரிழந்தார்கள்.

சீட் இல்லாத காலம் எப்படி இருந்தது?

பிசி-7 வருவதற்கு முன், விமானப்படையின் அடிப்படைப் பயிற்சிக்குப் பயன்பட்டது எச்.ஏ.எல் தயாரித்த எச்.பி.டி-32 தீபக். பிஸ்டன் இன்ஜின் விமானம். எஜெக்‌ஷன் சீட் கிடையாது. அதன் இன்ஜின் நடுவானில் நிற்பது தொடர் பிரச்னையாக இருந்தது. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிரிழந்தார்கள். 2009 ஜூலை இறுதியில் இரண்டு விமானிகள் பலியான விபத்துக்குப் பிறகு, மொத்த விமானங்களும் தரையிறக்கப்பட்டன.

அதன் பிறகுதான் 2012-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் நிறுவனத்திடம் 75 பிசி-7 மார்க் 2 விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2013-ல் அவை பயிற்சிக்கு வந்தன. அடுத்ததாக, எச்.ஏ.எல் உருவாக்கிய எச்.டி.டி-40 விமானங்கள் 70 வாங்க 2023-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதிலும் எஜெக்‌ஷன் சீட் உண்டு.

தாம்பரத்தில் ஏன் இவ்வளவு பயிற்சி விமானங்கள்?

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இருப்பது 'ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல்'. அதாவது, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கான பள்ளி. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு மாறியது. ஏற்கெனவே அனுபவமுள்ள விமானிகள் இங்கே வந்து பயிற்சியாளர்களாகத் தகுதி பெறுகிறார்கள். இன்ஜின் நின்றால் எப்படி இறக்குவது என்பதை மாணவருக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் என்பதால், அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. விமானம் ஒன்று சத்தம் குறைந்து தாழ்வாக இறங்கி, பிறகு சத்தத்தோடு மேலே ஏறுவதைப் பார்த்தால் பதற வேண்டாம். இன்ஜின் விசையைக் குறைத்து, அவசர இறக்கத்தை ஒத்திகை பார்ப்பதாக இருக்கலாம்.

1954-ல் இந்தப் பள்ளி வந்தபோது சுற்றுப்பக்கம் ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த ஊர்கள். இன்று சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், செம்பாக்கம் எல்லாம் வீடுகளால் நிறைந்தவை. 2021-ல் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியே உருவாகிவிட்டது. கிளைடு கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். 1,000 அடியில் இன்ஜின் நின்றால் 2.7 கிலோமீட்டருக்குள் ஆளில்லாத ஒரு துண்டு நிலம் வேண்டும். மிச்சமிருக்கும் ஏரிகள், மேய்ச்சல் நிலங்கள், வயல்கள்தான் அந்தத் துண்டு. ஏரியைக் காப்பாற்றுவது வெள்ளத்துக்கும் குடிநீருக்கும் மட்டும் இல்லை, இதற்கும்தான். தளத்தைச் சுற்றி வீடு கட்ட விமானப்படையின் தடையில்லாச் சான்று கேட்பதையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம்.

விமானம் நம்ம பக்கத்தில் விழுந்தால் என்ன செய்யணும்?

- உடனே 112-க்கு அழையுங்கள். இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்.
- கூட்டமாக ஓடிப்போய் நிற்காதீர்கள். எரிபொருள் கசிந்திருக்கலாம். பீடி, சிகரெட் அறவே கூடாது.
- ராணுவ விமானம் என்றால் இருக்கையையோ, மஞ்சள்-கறுப்பு கைப்பிடியையோ தொடவே கூடாது. வெடிக்காத ராக்கெட்டும் வெடிமருந்துக் குப்பியும் அதில் மிச்சமிருக்கலாம்.
- பாராசூட்டில் இறங்கிய விமானியைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பில் அடி இருக்கலாம். தீ ஆபத்து இல்லை என்றால், படுத்தபடியே இருக்கவிட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.
- உடைந்த பாகங்களை நினைவுக்காக எடுத்துப் போகாதீர்கள். ஒரு சின்ன வால்வுகூட விபத்தின் காரணத்தைச் சொல்லிவிடும்.
- வண்டிகளை ரோட்டோரம் நிறுத்தி வேடிக்கை பார்த்தால், தீயணைப்பு வண்டி வர வழி இருக்காது.

யார் விசாரிப்பார்கள்?

விமானப்படை விமானம் என்றால் 'கோர்ட் ஆஃப் இன்கொயரி' எனப்படும் படையின் உள்விசாரணை நடக்கும். இதன் முழு அறிக்கை பெரும்பாலும் பொதுவெளிக்கு வராது. தனியார் பயிற்சிப் பள்ளி விமானம் என்றால், மத்திய அரசின் விமான விபத்து விசாரணைப் பிரிவோ, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ-வோ விசாரிக்கும். அந்த அறிக்கைகளை இணையத்திலேயே படிக்கலாம். குற்றவாளியைக் கண்டுபிடிப்பது இந்த விசாரணையின் நோக்கம் இல்லை. அதே கோளாறு இன்னொரு விமானத்தில் வராமல் தடுப்பதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், இன்ஜின் நின்ற விமானம் உடனே விழுந்துவிடாது. உயரம் இருக்கும் வரை நேரம் இருக்கிறது, நேரம் இருக்கும் வரை வழி இருக்கிறது. செஸ்னாவில் அந்த வழி ஒரு காலி ரோடோ வயலோ. பிசி-7-ல் கூடுதலாக ஒரு கைப்பிடி. ஆனால் விமானி குதித்த பிறகும் விமானம் எங்கேயாவது விழத்தான் செய்யும். அது விழுகிற இடம் காலியாக இருக்குமா என்பதுதான், வேகமாக வளரும் தென்சென்னைப் புறநகர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.